கிரேக்கர் கண்ட நீதியும் மலையகப் பிரசாவுரிமையும்

நீதி யாது என்னும் வினாவை எழுப்பிப் பிளேட்டோ இயற்றிய ‘குடியரசு’ என்னும் நூலைக் குறித்துத் தமிழில் வெளிவந்த கட்டுரைகள் பல. அவற்றுட் பெரும்பாலானவை ஆன்மாவின் மூன்று கூறுகளையும், அரசின் மூன்று வகுப்புக்களையும், தத்துவஞானியே மன்னனாதல் வேண்டும் என்னும் கொள்கையையும் விரித்துரைத்து அமைந்துவிடுகின்றன. அவ்வுரையாடல் யாருடைய வீட்டில் நிகழ்ந்தது என்று அவை கேட்பதில்லை. சோக்கிரதீசும் அவர்தம் நண்பரும் ஏதென்ஸ் நகரின் நடுவே அமர்ந்து நீதியை ஆராயவில்லை. நகருக்குப் புறத்தே, பிரேயஸ் துறைமுகத்தில், கெபலஸ் என்னும் முதியவரின் இல்லத்திலேயே ஆராய்கின்றனர். கெபலஸ் சிசிலித் தீவின் சிராகூஸ் நகரத்தவர். பெரிக்கிளீசின் அழைப்பின் பேரில் வந்து, ஏதென்சிலே முப்பது ஆண்டுகள் வழக்கு எதிலும் சிக்காது வாழ்ந்தவர் என்று அவருடைய மகன் லைசியஸ் பிற்காலத்தில் நீதிமன்றத்திற் கூறினான். பெருஞ் செல்வர். எனினும் அவர் ஏதென்சின் குடிமகன் அல்லர்.

கிரேக்கர் இத்தகையோரை ‘மெற்றோய்க்கொஸ்’ என்று அழைத்தனர். ‘வதிவாளர்’ என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். வதிவாளன் ஆண்டுதோறும் 12 திராக்மா தலைவரி இறுத்தல் வேண்டும். போர் வந்தால் படையிற் சேர்தல் வேண்டும். குடிமகன் ஒருவனைத் தனக்குப் பொறுப்பாளனாகக் காட்டுதல் வேண்டும். சிறப்பாக வழங்கப்பட்டாலன்றிக் காணியோ வீடோ சொந்தமாக்கும் உரிமை அவனுக்கு இல்லை. மக்கள் அவையில் அவனுக்கு இடமில்லை. அவன் பெற்ற பிள்ளையும் வதிவாளனே; பேரனும் வதிவாளனே.

கி.மு. 404இல் முப்பதின்மர் என்னும் கொடுங்கோலர் ஏதென்சின் ஆட்சியைக் கைப்பற்றியபோது, பொருள் பறிப்பதற்கு அவர்கள் முதலில் நாடியவர்களுள் வதிவாளரும் அடங்குவர். கெபலசின் மூத்த மகன் பொலெமார்க்கஸ் விசாரணையின்றி நஞ்சு அருந்த வைக்கப்பட்டான். ‘குடியரசு’ நூலில் நீதிக்கு இரண்டாவது வரைவிலக்கணம் கூறுபவன் இவனே. தம்பி லைசியஸ் தப்பியோடி, மக்களாட்சியை மீட்க முயன்றோருக்குப் பணமும் கேடயமும் கொடுத்துதவினான். மக்களாட்சி மீண்டபின் அவன்போன்றோர்க்குக் குடியுரிமை வழங்கத் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. ஆயின் அது உரிய நடைமுறைப்படி கொண்டுவரப்படவில்லை என்று வழக்குத் தொடுக்கப்பட்டு நீக்கப்பட்டது. லைசியஸ் இறுதிவரை வதிவாளனாகவே வாழ்ந்தான்.

இவ்வரலாற்றை நன்கறிந்த பிளேட்டோ நீதி பற்றிய உரையாடலை வேண்டுமென்றே அவ்வீட்டில் நிகழ்த்தினான் என்று கொள்வதிற் பிழையில்லை. நகரத்தின் நீதியை நகரத்துக்கு வெளியே வைக்கப்பட்டவனின் முற்றத்திலிருந்து பார்த்தல் என்னும் இந்நிலை, இலங்கையின் மத்திய மலைநாட்டைப் பொறுத்தவரை வெறும் இலக்கியச் சுவையன்று.

நாவலப்பிட்டியிலிருந்து அட்டன் நோக்கி ஏறும் புகையிரதப் பாதையில் உள்ளது வட்டவளை. இந்நாட்டில் மழை மிகுந்த இடங்களுள் ஒன்று. இப்பாதை அட்டனை எட்டியது 1884இல். கோப்பிப் பயிர் நோயால் அழிந்து தேயிலை பரவிய காலம் அது. பாதைக்கு மண் வெட்டியோரும், காட்டை அழித்துக் கல்லுக்கட்டு எழுப்பிக் கன்று நட்டோரும் தென்னிந்தியாவின் தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டவர்கள். ஏதென்சின் வதிவாளனுக்குப் பொறுப்பாளன் ஒருவன் இருந்ததுபோல, இவர்களுக்குக் கங்காணி இருந்தான். கங்காணிக்கு மேலே கணக்கப்பிள்ளை, அவருக்கு மேலே சின்னத்துரை, பெரியதுரை. பிரட்டுக்களத்தில் காலையிற் பெயர் கூப்பிடும்போது செக்ரோலில் இருப்பவனே ஆள். அதற்கு வெளியே அவனுக்கு அரசுடன் நேரடித் தொடர்பு எதுவும் இருக்கவில்லை.

முதியவர் கெபலஸ் நீதிக்குக் கூறிய விளக்கம் எளியது: உண்மை பேசுதல், பட்ட கடனைத் திருப்பிக் கொடுத்தல். சித்தம் கலங்கிய நண்பனிடம் அவன் முன்பு ஒப்படைத்த வாளைத் திருப்பிக் கொடுப்பது நீதியாகுமா என்று கேட்டுச் சோக்கிரதீஸ் அதனைத் தகர்க்கின்றார். தோட்டத்து வரலாற்றை அறிந்தவர்க்கு இதனினும் வலிய மறுப்பு ஒன்று தோன்றும். ஊரிலிருந்து அழைத்துவந்த செலவு, வழிச்செலவு, அரிசி எல்லாம் தொழிலாளியின் பெயரிற் கடனாகவே எழுதப்பட்டன. அக்கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ இன்றி அவன் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல முடியாது. புதிய தோட்டம் பழைய கடனை ஏற்றுக்கொண்டு ஆளை எடுத்துக்கொள்ளும். 1921இலேயே சட்டம் துண்டு முறையை ஒழித்தது. கடனைத் தீர்ப்பதே நீதி என்றால், தீர்க்கவியலாதவாறு கடனை எழுதிவைப்பது எதன்பாற்படும்? செல்வரான கெபலசுக்கு இவ்வினா எழுந்திராது.

எனினும் மலையகத்தைப் பொறுத்தவரை மையமான வினா கடன் பற்றியதன்று. குடிமகன் யார் என்பதே. அவ்வினாவை முறையாக எழுப்பியவன் அரிஸ்டோட்டில். அவனும் ஏதென்சில் வதிவாளனாகவே வாழ்ந்தவன் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். ‘அரசியல்’ என்னும் நூலின் மூன்றாம் பகுதியில், ஓரிடத்திற் குடியிருப்பதனால் மட்டும் ஒருவன் குடிமகன் ஆகான், வதிவாளரும் அடிமைகளும் அங்குதானே குடியிருக்கின்றனர் என்று தொடங்கி, நீதி வழங்குவதிலும் பதவி வகிப்பதிலும் பங்குடையவனே குடிமகன் என்னும் முடிவுக்கு அவன் வருகிறான். அதன்பின், நடைமுறையில் மக்கள் கையாளும் மற்றொரு வரைவிலக்கணத்தை எடுத்து ஆராய்கின்றான். தாயும் தந்தையும் குடிமக்களாயின் பிள்ளை குடிமகன்; சிலர் இதனை இரண்டு, மூன்று தலைமுறைகளுக்குப் பின்னோக்கிக் கொண்டுசெல்வர். அவ்வாறாயின் அந்தப் பாட்டனும் பூட்டனும் எவ்வாறு குடிமக்கள் ஆயினர் என்பது அவன் தொடுக்கும் வினா. லெயொந்தினி நகரத்துக் கோர்கியசின் நகைச்சுவை ஒன்றையும் அங்கே சேர்க்கிறான்: உரல் செய்வோர் உரலைச் செய்வதுபோல, லரிசா நகரின் அதிகாரிகள் லரிசாக் குடிகளைச் செய்கின்றனராம். பிறப்பைப் பின்னோக்கித் துருவிச் சென்றால் முடிவில் எஞ்சுவது இயற்கையன்று, ஓர் அதிகாரியின் செயலே என்பது அந்நகையின் பொருள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம், அரிஸ்டோட்டில் ஐயுற்ற அதே இடத்திற்குத்தான் சென்றது. 1948 நவம்பர் 15க்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவன் வம்சாவழிப் பிரசையாவதற்கு, அவனுடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும்; அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். தான் பிறந்த மண் எது என்பது அவனுக்கு எதனையும் பெற்றுத் தராது.

வட்டவளையை அடுத்த தோட்டமொன்றில் 1920இல் பிறந்த ஒருவனை உதாரணத்துக்குக் கொள்ளலாம். அவனுடைய தகப்பன் கைக்குழந்தையாகத் தாயின் இடுப்பிற் கடல் கடந்து வந்தவன். வந்த பின் இறக்கும்வரை தோட்டத்தை விட்டு அகலாதவன். மகனுக்கு 28 வயதில் நாடு சுதந்திரம் அடைகிறது. அவனுக்குத் தெரிந்த ஊர் வட்டவளை, தெரிந்த பட்டணம் அட்டன். ஆயினும் தகப்பன் பிறந்தது இக்கரையில் அன்று. பாட்டனும் பூட்டனும் பிறந்ததும் அக்கரையிலேயே. சட்டத்தின் முன் அவன் யாரும் அல்லன். அடுத்த லயத்தில் உள்ள மைத்துனனின் தகப்பனோ இங்கேயே பிறந்தவன். ஆனால் தோட்டங்களிற் பிறப்புப் பதிவு ஒழுங்காக நிகழாத காலத்திற் பிறந்தவனாதலால் காட்டுவதற்குப் பத்திரம் இல்லை. ஆகவே அவனும் யாரும் அல்லன். பத்து மைலுக்கு அப்பால் உள்ள கிராமத்துச் சிங்கள விவசாயியிடமும் அத்தகைய பத்திரம் இருந்திராது. வேறுபாடு யாதெனில், அவனிடம் எவரும் கேட்கவில்லை.

கேட்கப்படாமலிருத்தலே இங்கு உரிமையாகிறது. சட்டத்தின் சொற்கள் இருவர்க்கும் பொதுவானவை. சான்று காட்டும் சுமை ஒருவனுக்கே உரியது.

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் (பிரசாவுரிமை) சட்டம். ‘வதிவாளர்’ என்னும் சொல்லே சட்டத்தின் பெயரில் ஏறியது. விவாகமானோர் ஏழாண்டும், ஆகாதோர் பத்தாண்டும் 1946 தொடக்கத்திற்கு முன் இடையறாது இலங்கையில் வதிந்திருத்தல், போதிய வருமானம் உடையராதல் முதலிய நிபந்தனைகளின்மீது பதிவுப் பிரசாவுரிமைக்கு அது வழிசெய்தது. விண்ணப்பிக்க இரண்டாண்டுகள் கொடுக்கப்பட்டன. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பம் செய்யப்பட்டது. உரிமை கிடைத்தோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. தாயைப் பார்க்கவோ திருமணத்துக்கோ ஊருக்குச் சென்றுவந்தமை ‘இடையறாத வதிவு’ அறுந்தமைக்குக் காரணமாகக் கொள்ளப்பட்டதுண்டு. விண்ணப்பத்தாளில் ஒரு விடையின் குறையும் மறுப்புக்குப் போதுமானதாயிற்று.

அரிஸ்டோட்டிலின் ஒழுக்கவியல் நூலில் நீதியைப் பற்றிய ஐந்தாம் பகுதி, சட்டத்தின் இக்குறையை முன்கூட்டியே பேசுகின்றது. சட்டம் எப்போதும் பொதுவாகவே பேசும். வாழ்வோ தனித்தனி நிகழ்ச்சிகளால் ஆனது. பொதுவிதி பொருந்தாத இடத்தில் அதனைத் திருத்திக்கொள்வதையே அவன் நேர்மை என்கிறான். லெஸ்பொஸ் தீவின் கட்டடத் தொழிலாளர் பயன்படுத்திய ஈய அளவுகோலை அதற்கு உவமையாகக் காட்டுகிறான். இரும்புக்கோல் கல்லை அளக்கும். ஈயக்கோல் கல்லின் வளைவுக்கு ஏற்ப வளைந்து அளக்கும். மலைச் சரிவிற் கல்லுக்கட்டு வைத்தவர்களுக்கு இந்த உவமையை விளக்கவேண்டிய தேவையில்லை. கல்லைப் பார்த்தே கட்டு. கட்டுக்காகக் கல்லை எறிந்துவிடுவதில்லை. விண்ணப்பங்களைப் பரிசீலித்த அலுவலகங்களில் இருந்தது இரும்புக்கோல். 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசையல்லாதாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியபோது வேலை முற்றுப்பெற்றது. 1947இல் தலவாக்கொல்லையிலிருந்து பாராளுமன்றம் சென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும், நுவரெலியாவிலிருந்து சென்ற எஸ். தொண்டமானும் 1952ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் அங்கே இல்லை. அவர்களை அனுப்பியோர் இடாப்பிலேயே இல்லை.

இச்சட்டங்கள் நீதிமன்றத்தாலும் ஆராயப்பட்டன. றுவன்வெல்லத் தொகுதி இடாப்பிற் பெயர் சேர்க்குமாறு கேட்டுக் கோடகன்பிள்ளை தொடுத்த வழக்கில், இடாப்பைத் திருத்தும் அலுவலர் ஒருவர், சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணாக ஒரு சமூகத்தின்மீது இயலாமையைச் சுமத்துவதால் அச்சட்டங்கள் செல்லா என்று துணிந்து கூறினார். உயர் நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் அதனை உறுதிசெய்தது. தன் பிரசைகள் யாவர் என்று தீர்மானித்தல் எந்தச் சட்டமன்றத்துக்கும் இயல்பான தொழில். சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. இருக்கும் தடையைத் தாண்ட 1949ஆம் ஆண்டுச் சட்டம் வழிவைத்துள்ளது என்பவை அதன் நியாயங்களின் சாரம்.

இத்தீர்ப்பைத் திரசிமாக்கஸ் படித்திருந்தால் மகிழ்ந்திருப்பான். வலியோரின் நலனே நீதி என்றும், ஒவ்வோர் ஆட்சியும் தன் நலனுக்கேற்பச் சட்டமியற்றி அதனையே நீதி என்று ஆளப்படுவோர்க்கு அறிவிக்கின்றது என்றும் ‘குடியரசு’ நூலில் வாதிப்பவன் அவன். பெரும்பான்மை கொண்டு ஆள்வோர் பெரும்பான்மையை ஆக்கும் எண்ணிக்கையையே மாற்றிக்கொள்வதற்கு அவனுடைய வாதத்தைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. ஆயின் அவனைச் சோக்கிரதீஸ் மடக்கும் இடமும் கவனத்துக்குரியது. ஆளும் கலை ஆளப்படுவோரின் நன்மையை நோக்கியதே. மருத்துவன் மருத்துவனாக நிற்கையில் நோயாளியின் நலனையே நாடுகிறான் என்பது அவர் மறுமொழி. கோமறைக் கழகத்தின் தீர்ப்பு ஆளப்படுவோர் யாவர் என்பதையே ஆள்வோரிடம் விட்டுவிட்டது. நோயாளி இவன் அல்லன் என்று சொல்லிவிட்டால் மருத்துவனுக்குக் கடமை ஏது? சோக்கிரதீசின் மறுமொழி அந்த இடத்திற் செயலற்றுப்போகின்றது. கிரேக்க நீதிக் கொள்கை முழுவதிலும் உள்ள பெரிய ஓட்டை இதுவே எனலாம்: நகரத்துள் நீதியை அது நுணுக்கமாக ஆராய்கிறது, நகரத்தின் வேலி எங்கே என்பதை எழுதப்படாத ஒன்றாக விட்டுவிடுகின்றது. அரிஸ்டோட்டில் ஒருவனே வேலியண்டை சற்று நேரம் நின்று பார்த்தவன்.

தமிழ் மரபில் இதற்கு மாறான காட்சி ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்திற் பாண்டியன் அவைக்கு வரும் கண்ணகி சோழநாட்டுப் புகார் நகரத்தவள். நீ எந்நாட்டாள், உனக்கு இங்கு வழக்குரைக்க உரிமை உண்டோ என்று அவள் தடுக்கப்படவில்லை. அவள் கொண்டுவந்த காற்சிலம்பே சான்றாயிற்று. அது காவியம், ஆட்சி வரலாறு அன்று என்பது உண்மையே. அத்துடன், இலங்கைத் தமிழர் அக்காவியத்தைப் போற்றிய அளவுக்கு அதன்படி நடந்தனரா என்பதும் கேள்விக்குரியது. நண்பர்க்கு நன்மையும் பகைவர்க்குத் தீமையும் செய்தலே நீதி என்பது பொலெமார்க்கசின் விளக்கம். அரசுக்கு நண்பராதல் நன்மை பயக்கும் என்று கருதிய தமிழ்த் தலைமை 1948இல் மந்திரி சபையிற் சேர்ந்தது. மலைநாட்டார் உரிமையிழந்ததை முன்வைத்து அத்தலைமையிலிருந்து பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகமும் அவரைச் சார்ந்தோரும் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். ஒரு கட்சி இதன்பொருட்டுப் பிளவுற்றது மெய். ஆனால் யாழ்ப்பாணத்து வீடுகளில் ‘தோட்டக்காட்டான்’ என்னும் சொல் அதன் பின்னரும் வழங்கியே வந்தது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கைக்கு வரும்போது அரிஸ்டோட்டிலை மீண்டும் திறத்தல் வேண்டும். நாடற்றோர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் எனக் கணக்கிடப்பட்டனர். அவருள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும். 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கும். எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் பின்னர் முடிவு செய்யப்படுவர். 1974இல் அந்த மிகுதியை இரு நாடுகளும் ஆளுக்கு 75 ஆயிரமாகச் சரிபாதி பங்கிட்டன.

பங்கீட்டு நீதியில் நான்கு உறுப்புக்கள் உண்டென்பது அரிஸ்டோட்டிலின் கணக்கு: பெறுவோர் இருவர், பெறப்படும் பொருள் இரண்டு. இவ்விருவரின் தகுதிக்கு ஏற்ற விகிதத்திற் பொருள் பகிரப்பட்டால் அது நீதி. மேற்படி உடன்படிக்கையை இக்கணக்கில் வைத்துப் பார்த்தால் அது முற்றும் ஒழுங்காகவே தோன்றுகிறது. சரிபாதியினும் நேரிய பங்கீடு யாது? ஆயின் பெறுவோர் இருவர் யாவர் என்று நோக்குக. அவர்கள் கொழும்பும் புதுடில்லியும். பெறப்படும் பொருள் எனும் இடத்தில் இருப்போர் மனிதர். பெறுவோர் வரிசையில் நிற்கவேண்டியவர்கள் பொருள் வரிசைக்கு மாற்றப்பட்டனர். விகிதம் பிழைபட்டிருந்தால் திருத்தியிருக்கலாம். இங்கே உறுப்புக்களே இடம் மாறிவிட்டன. எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்னும் தெரிவு தனிமனிதனுக்கு இருந்தது என்று கூறப்படுவதுண்டு. அத்தெரிவு அச்சத்தின் நடுவே செய்யப்பட்டது. தொகையோ முன்பே முடிவாகிவிட்டது.

அட்டன் புகையிரத நிலையத்திலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்டவர்களின் வண்டிகள் வட்டவளையைக் கடந்தே இறங்கின. தாய் ஒரு பத்திரத்திலும் மணமான மகள் மற்றொரு பத்திரத்திலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. 1984இல் இராமேஸ்வரத்துக்கான கப்பற் சேவை நின்றபோது அவ்வழியும் அடைபட்டது. சென்றவர்களுட் பலர் நீலகிரியிற் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் மீண்டும் தேயிலைக்கே போயினர். தாயகம் திரும்பியோர்க்கென்றே தமிழ்நாட்டரசு 1968இல் அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. இங்கே ‘இந்தியாக்காரன்’ எனப்பட்டவன் அங்கே ‘சிலோன்காரன்’ ஆனான். ஏதென்சிலும் சிராகூசிலும் அயலவனாக இருக்கும் நிலை கெபலசுக்குக்கூட நேரவில்லை.

பிளேட்டோவின் ‘கிறிற்றோ’ என்னும் சிற்றுரையாடலில் ஏதென்சின் சட்டங்கள் சிறையிலிருக்கும் சோக்கிரதீசுடன் பேசுவதாக ஒரு பகுதி வருகின்றது. இந்நகரம் பிடிக்காவிடில் நீ வெளியேறியிருக்கலாம். எழுபது ஆண்டுகள் இங்கேயே இருந்தாய். இங்கேயே மக்களைப் பெற்றாய். இருந்ததனாலேயே எங்களுக்கு இசைந்தாய் என்பது அவற்றின் வாதம். இருத்தல் உடன்பாடாகும் என்னும் இவ்வாதம் ஆட்சியாளர்க்கு எக்காலத்தும் உவப்பானது. அதனை மறுபுறம் திருப்பிப் பார்த்தவர் குறைவு. இருத்தல் ஒருவனைச் சட்டத்துக்குக் கட்டுப்படுத்துமாயின், அது சட்டத்தையும் அவனுக்குக் கட்டுப்படுத்த வேண்டும். தோட்டத் தொழிலாளியின் எழுபதாண்டு வரியாகவும் உழைப்பாகவும் கொள்ளப்பட்டது, உடன்பாடாகக் கொள்ளப்படவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவழியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரசாவுரிமை வழங்கியபோது, வதிவையே அடிப்படையாகக் கொண்டது. பூட்டனின் பிறப்பிடத்திலிருந்து தொழிலாளி நிற்கும் இடத்துக்கு வர இலங்கைச் சட்டம் 55 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

கிரேக்கரை இவ்வாறு சான்றுக்கு அழைப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. கைத்தொழிலாளன் சிறந்த அரசிற் குடிமகனாதல் தகாது என்று கூறியவனும் அதே அரிஸ்டோட்டில்தான். இயற்கையிலேயே அடிமையாவார் உளர் என்றவனும் அவனே. பிளேட்டோவின் நீதியோ ஒவ்வொருவனும் தன் தன் தொழிலைச் செய்து பிறர் தொழிலிற் தலையிடாதிருத்தல். துரை ஆள, கங்காணி மேய்க்க, தொழிலாளி கொழுந்து பறிக்கும் தோட்டத்தைப் போல இவ்விலக்கணத்துக்கு இணங்கிய அமைப்பு உலகில் வேறு காண்பது அரிது. பெரியதுரை எவரேனும் ‘குடியரசு’ நூலைப் படித்திருந்தால் தம் பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு அதிலிருந்து நியாயம் எடுத்திருப்பார்.

ஆனால் அவர் நூலை முழுமையாகப் படித்திருக்க மாட்டார். வெண்கலப் பெற்றோர்க்குப் பொன் போன்ற பிள்ளை பிறந்தால் அப்பிள்ளையை மேலே உயர்த்துதல் காவலரின் முதற் கடமை என்று பிளேட்டோ விதித்துள்ளான். அதற்கு முதலிற் பிள்ளையைச் சோதித்தறியப் பள்ளிக்கூடம் வேண்டும். இலவசக் கல்வி இந்நாட்டில் 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதிவரை பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே, சில வகுப்புக்களோடு நின்றன. எது பொன், எது வெண்கலம் என்று உரைத்துப் பார்க்கும் கல்லே அங்கு வைக்கப்படவில்லை. காவலர் பணிக்குப் பெண்களும் உரியர் என்று பிளேட்டோ கூறியதையும் ஈண்டுச் சேர்த்தல் தகும். கி.மு. 451இன் பெரிக்கிளீசின் சட்டம் தாய் தந்தை இருவரையும் கேட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையை மட்டுமே கேட்டது. தேயிலையின் வருவாய் பெரும்பாலும் பெண்களின் விரல் நுனியிலிருந்து வந்த நாட்டில், அவர்கள் எங்கே பிறந்தனர் என்பது பிள்ளைக்கு எதனையும் தரவில்லை. தாய்வழியாகவும் பிரசாவுரிமை பெறும் நிலை 2003இலேயே ஏற்பட்டது.

பிரசாவுரிமைப் பத்திரம் கைக்கு வந்தபின் வதிவாளர் நிலை நீங்கிற்றா? ஆள்வதிற் பங்குடையவனே குடிமகன் என்னும் அரிஸ்டோட்டிலின் அளவை இங்கேதான் கூர்மையாகின்றது. பழைய கிராமச் சங்கங்களின் காலத்திலிருந்தே தோட்டங்கள் ஊராட்சிக்குப் புறம்பாக இருந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தபோதும் அதன் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புக்களிற் செலவிடுவதற்குத் தடையாகவே நின்றது. வட்டவளைத் தோட்டமொன்றின் தொழிலாளி அம்பகமுவைப் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம்; உறுப்பினராகவும் ஆகலாம். ஆனால் தன் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கூடைக் கல் கொட்டுவதற்குச் சபைப் பணத்தை எடுக்க முடியாது. தன்னைத் தெரிவு செய்தவர்களின் வீட்டு வாசலில் நின்றுவிடும் அதிகாரம் அவனுடையது. பதவியுண்டு, ஆட்சியில்லை என்னும் இத்தகைய குடிமகனை அரிஸ்டோட்டில் தன் வகைப்பாட்டில் எங்கே வைத்திருப்பான் என்று சொல்வது கடினம். 33ஆம் பிரிவு 2018இலேயே திருத்தப்பட்டது. அதே ஆண்டில் அளவுக்கு மீறிப் பெருத்திருந்த அம்பகமுவைச் சபை அம்பகமுவை, நோர்வூட், மஸ்கெலியா என மூன்றாகியது. நுவரெலியாச் சபையும் மூன்றாகியது.

சபைகள் பெருகின. எனினும் லயங்களில் வாழ்வோர் பலருக்கு அவை நிற்கும் நிலம் இன்றும் சொந்தமன்று. பிரேயஸ் துறைமுகத்தில் காணி உரிமை சிறப்பாக வழங்கப்படும்போது அதற்கென ஒரு தீர்மானம் கல்லிற் பொறிக்கப்படுவதுண்டு. வட்டவளையில் லயக் காம்பராவின் கதவிலக்கம் சுண்ணாம்பின்மேல் எழுதப்படுகின்றது. ஒவ்வோர் ஆண்டு மழைக்குப் பின்னும் அதனை மீண்டும் எழுதவேண்டியிருக்கிறது.